கனியும் கிருமியும்

வைகாசி பிறந்துவிட்டால் ஆலங்குடிச் சுற்றுவட்டாரத்தில் பலாவின் மணம் வீசாத சாலை இல்லை. வடகாடு, மாங்காடு, கீரமங்கலம், கொத்தமங்கலம் முதலிய கிராமங்களின் தோட்டங்களிலிருந்து வண்டி வண்டியாய்ப் பழம் வெளியேறுகிறது. 2018-ம் வருஷம் நவம்பர் மாதம் 16-ந் தேதி வீசிய கஜா புயலில் இப்பிரதேசத்தின் தென்னையும் பலாவும் எண்ணற்றவை வேரோடு சாய்ந்தன. பாட்டன் வைத்த மரத்தை ஒரே இரவில் இழந்த குடியானவர்கள் மனந்தளராமல் மறுபடியும் கன்று நட்டார்கள். இவ்வளவு பாடுபட்டு விளைவிக்கும் பழம், உண்பவன் வாயில் அமிர்தமாகச் சேருகிறதா, அல்லது பேதிக்கும் ஜுரத்துக்கும் வித்தாகச் சேருகிறதா என்று நம்மில் எத்தனை பேர் யோசித்திருக்கிறோம்?

பழம் என்றவுடன் இக்காலத்தில் ஜனங்கள் அஞ்சுவது கல்லுக்குத்தான். கார்பைட் கல் வைத்துப் பழுக்கச் செய்த மாம்பழங்களைக் கிடங்குகளில் பிடித்து அழித்தார்கள் என்ற செய்தி கோடைதோறும் வருகிறது. அந்தக் கல்லைச் சட்டம் தடுத்திருப்பது முற்றும் சரியே. ஆனால் கல்லைக் காட்டிலும் பழைய சத்துரு ஒன்று உண்டு. அதற்கு நிறமில்லை, வாசனையில்லை, அதைப் பறிமுதல் செய்து லாரியில் ஏற்றிப் படம் எடுத்துப் பத்திரிகைக்கு அனுப்பவும் முடியாது. ஆகையால் அதைப் பற்றிப் பேசுவாரும் இல்லை.

நமது சமையலில் அக்கினியே கடைசிக் காவலன். வயலில் பாய்ந்த நீர் எத்தகையதாயினும், அரிசி களைந்த கை எத்தகையதாயினும், உலையில் கொதித்த சோற்றில் நோய்க் கிருமி அநேகமாய்ப் பிழைப்பதில்லை. கீரைக்கும் கத்தரிக்காய்க்கும் இதே காவல் உண்டு. பழத்துக்கு மாத்திரம் இல்லை. மரத்தடியில் ஒட்டிக்கொண்ட கிருமி வண்டியேறி, சந்தை புகுந்து, தட்டில் அமர்ந்து, வாய் வரையில் தடையின்றி வந்துவிடலாம். கழுவினால் ஒரு பங்கு போகும். தோலின் சொரசொரப்பிலும் காம்பு அறுத்த காயத்திலும் பதுங்கியது போகாது. ஆதலால் வந்த பிறகு களைவோம் என்பது பழத்தின் விஷயத்தில் பெரும்பாலும் நடவாத காரியம். வராமல் தடுப்பது ஒன்றே வழி. அந்தத் தடுப்பு தோட்டத்திலேயே தொடங்கவேண்டும் என்பதே நாம் இங்கு சொல்ல வந்தது.

இக்கிருமிகள் எங்கிருந்து வருகின்றன? மண்ணிலேயே வாழும் லிஸ்டீரியா போன்ற சிலவற்றை நீக்கிப் பார்த்தால், மற்றவை மனிதன் அல்லது மிருகத்தின் குடலிலிருந்து புறப்படுபவை. ஸால்மோனெல்லா, ஈ. கோலி, சீதபேதியை உண்டாக்கும் ஷிகெல்லா ஆகிய யாவும் மலத்தின் வழியே வெளிப்பட்டு, தண்ணீர், ஈ, கை ஆகிய வாகனங்களில் ஏறிப் பிரயாணம் செய்கின்றன. டைபாய்டு ஜுரக் கிருமிக்கு மனிதனைத் தவிர வேறு வீடே கிடையாது. 1884-ம் வருஷத்தில் ஜெர்மானியப் பண்டிதர் ராபர்ட் கோக் கல்கத்தாவுக்கு வந்து, குளிப்பதும் துவைப்பதும் குடிப்பதும் ஒரே குளத்தில் நடந்த ஓரிடத்தில், அக்குளத்து ஜலத்திலேயே காலராக் கிருமியைக் கண்டார். அன்று முதல் இது இரகசியமன்று. ஆயினும் அசுத்த உணவால் ஆண்டுதோறும் உலகில் 60 கோடிப் பேர் நோயுறுகிறார்கள், 4,20,000 பேர் மாளுகிறார்கள், அவர்களில் 1,25,000 பேர் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2015-ம் வருஷத்தில் கணக்கிட்டு வெளியிட்டது. பழத்தினால் மட்டும் என்று இக்கணக்கைக் கொள்ளலாகாது. எல்லா உணவுக்கும் சேர்த்துச் சொன்னது.

முதலில் எருவைப் பார்ப்போம். பலாவும் மாவும் உயரத்தில் காய்ப்பவை. தர்ப்பூசணியும் முலாம்பழமும் மண்ணோடு மண்ணாய்ப் படுத்துக் காய்ப்பவை. பின்னவற்றுக்குப் பச்சைச் சாணம் இடுவது ஆபத்து. நம்மவர்க்கு எருவின் அருமையை எவரும் கற்றுக் கொடுக்க வேண்டியதில்லை. 1924 முதல் 1931 வரையில் இந்தூரில் இருந்து மக்கு எருவைப் பற்றி ஆராய்ந்த ஆல்பர்ட் ஹோவர்டு என்னும் ஆங்கிலேயர், இந்நாட்டு உழவர்களையே தமது ஆசிரியர்கள் என்று கருதியவர். ஆனால் எரு மக்கும்போது உள்ளே சூடேறவேண்டும் என்பதுதான் இதில் உயிர்நிலை. குவியலின் உட்புறம் 55 டிகிரிச் சூட்டுக்குக் குறையாமல் பதினைந்து நாட்கள் இருந்து, அதற்குள் ஐந்து முறை புரட்டப்பட்டால், நோய்க் கிருமிகள் பெரும்பாலும் மடியும். மழையிலும் வெயிலிலும் புரட்டாமல் கிடக்கும் குப்பைக்குழி எரு பழையதாயிருக்கலாம். பக்குவப்பட்டதென்று சொல்ல முடியாது. மண்ணைத் தொடும் விளைபொருளுக்குப் பச்சை எரு இட்டால் அறுவடைக்கு 120 நாட்கள் முன்னதாகவே இட்டுவிடவேண்டும், மண்ணைத் தொடாததற்கு 90 நாட்கள் என்று அமெரிக்காவின் இயற்கை வேளாண்மை விதிகள் கூறுகின்றன.

இவ்விடத்தில் நமது நண்பர்கள் சிலருக்கு மனத்தாங்கல் உண்டாகக்கூடிய ஒன்றையும் சொல்லியாகவேண்டும். சாணமும் கோமூத்திரமும் ஊறவைத்துச் செய்யும் பஞ்சகவ்யத்தை நம் பக்கத்தில் பலர் பயிருக்குத் தெளிக்கிறார்கள். பயிருக்கு அது செய்யும் நன்மையை நாம் மறுக்க வரவில்லை. இலைக்கும் வேருக்கும் தெளிக்கட்டும். பறிக்கப்போகும் பழத்தின்மேல், பறிப்பதற்குச் சில நாட்களுக்கு முன்பாக, அதைத் தெளிக்கலாகாது. பசுவினிடம் நமக்குள்ள பக்தி வேறு. பசுவின் குடலில் வாழும் கிருமி வேறு.

எருவைவிடப் பெரியது மனிதனுடைய விஷயம். ஒரு தோட்டத்தில் பழம் பறிக்கப் பத்துப் பேர் காலையில் வந்தால், மாலை வரையில் அவர்கள் மலஜலம் கழிக்க எங்கே போகிறார்கள்? கை கழுவத் தண்ணீர் எங்கே இருக்கிறது? சவுக்காரம் இருக்கிறதா? பம்புசெட் ஓடும் நேரத்தில் தண்ணீர் உண்டு. மின்சாரம் நின்றுவிட்டால் அதுவும் இல்லை. பெண்மக்கள் படும் சங்கடத்தை எழுத்தில் வடிக்க முடியாது. விலை பேசும் வியாபாரி பழத்தின் எடையைப் பார்க்கிறான், நிறத்தைப் பார்க்கிறான், தட்டிப் பார்த்து ஓசையையும் கேட்கிறான். அதைப் பறித்த கைக்கு ஒரு செம்பு நீர் கிடைத்ததா என்று கேட்பதில்லை. வேலைக்கு வருபவர்களுக்கு ஒரு கக்கூசும், மூடியுள்ள ஒரு தண்ணீர்த் தொட்டியும், ஒரு துண்டுச் சவுக்காரமும் கொடுப்பது தருமமென்று நினைத்துச் செய்ய வேண்டிய காரியமன்று. பழத்தை விற்கிறவன் தன் சரக்கைக் காத்துக்கொள்வதற்கு இடும் முதல் அது. பேதியாகிறவனை அன்று கூலி பிடிக்காமல் வீட்டில் இருக்கச் சொல்வதும் அவ்வகையே. கூலி போய்விடுமென்று நோயை மறைத்துக்கொண்டு வருபவன் குற்றவாளியல்லன்.

பறித்த பழத்தைக் கழுவுவதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. 1999-ம் வருஷக் கடைசியில் அமெரிக்காவின் 13 மாகாணங்களில் 78 பேர் ஸால்மோனெல்லாக் கிருமியால் நோயுற்றார்கள், இருவர் இறந்தனர். துப்புத் துலக்கிக்கொண்டே போனதில் பிரேஸில் தேசத்து மாந்தோப்பு ஒன்றில் போய் நின்றார்கள். பழ ஈயின் முட்டைகளை அழிப்பதற்காக அங்கே மாம்பழத்தை முதலில் வெந்நீரில் நெடுநேரம் அமிழ்த்தி, பிறகு குளிர்ந்த நீரில் இடுவது வழக்கமாயிருந்தது. சூடேறிய பழத்தைக் குளிர்ந்த நீரில் போட்டால் என்ன நேரும்? உள்ளிருக்கும் காற்று சுருங்கும்; சுருங்கிய இடத்தை நிரப்பக் காம்புத் துவாரத்தின் வழியே வெளிநீர் உள்ளே உறிஞ்சப்படும். அந்த நீரில் கிருமி இருந்தால் அதுவும் சதைக்குள் குடியேறிவிடும். பிறகு எந்தத் தாய் எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் பயன் என்ன? ஈயை ஒழிக்க எடுத்த முயற்சியே கிருமிக்குக் கதவு திறந்திருக்கக்கூடும் என்று விசாரித்தவர்கள் முடிவு செய்தார்கள்.

இது பிரேஸில் தேசத்துக் கதை என்று தள்ளவேண்டாம். நம் ஊரில் பங்குனி வெயிலில் பறித்த தர்ப்பூசணியையும் மாங்காயையும் அப்படியே கொண்டுபோய் மாடு குடிக்கும் தொட்டியிலோ ஊரணியிலோ அலசி எடுத்தால் நடப்பதும் அதுவே. பழத்தை நிழலில் போட்டுச் சூடு தணியவிட வேண்டும். கழுவும் நீர் ஆழ்குழாயிலிருந்து நேரே வருவதாயிருப்பது உத்தமம். தொட்டியில் நிறுத்திக் கழுவுவதானால் நூறு லிட்டர் நீருக்கு முப்பது முதல் முப்பத்தைந்து கிராம் நல்ல பிளீச்சிங் பவுடர் கரைத்து, கழுவிய பின் சுத்த நீரில் மறுபடி அலசவேண்டும். மண் கலங்கிய நீரில் அந்த மருந்து செத்துப்போகும். ஆகவே கலங்கினால் நீரை மாற்றவேண்டும். மருந்திட்ட நீர் பழத்தைப் புனிதமாக்கிவிடும் என்று எண்ணுவதும் தவறு. ஒரு பழத்தின் அழுக்கு தொட்டியிலுள்ள நூறு பழங்களுக்கும் பரவாமல் தடுப்பதே அதன் முக்கிய வேலை.

கிடங்கின் கதை இன்னும் துயரமானது. 2011-ம் வருஷம் அமெரிக்காவில் கொலராடோ மாகாணத்து முலாம்பழத்தைத் தின்று 28 மாகாணங்களில் 147 பேர் லிஸ்டீரியா நோயில் வீழ்ந்தார்கள். 33 பேர் மாண்டார்கள். சோதித்தபோது வயலிலிருந்து எடுத்த மாதிரிகளில் கிருமி அகப்படவில்லை. பழம் கட்டும் கொட்டகையில் அகப்பட்டது. தரையில் தண்ணீர் தேங்கியிருந்தது. உருளைக்கிழங்கு கழுவப் பயன்பட்ட பழைய இயந்திரத்தையே முலாம்பழத்துக்கும் உபயோகித்திருந்தார்கள். அதன் இடுக்குகளைத் துலக்குவது எளிதாயில்லை. இத்தனைக்கும், நோய் பரவுவதற்குச் சற்று முன்னால் தனியார் பரிசோதகர் ஒருவர் வந்து பார்த்து, நூற்றுக்கு 96 மார்க்குக் கொடுத்துப் போயிருந்தார்! சர்ட்டிபிகேட்டுகளைச் சுவரில் மாட்டிவைப்பதில் நம்மவருக்குள்ள ஆசையை நினைக்கும்போது இந்தச் செய்தி மறக்கத்தக்கதன்று. நமது கமிஷன் மண்டிகளில் இயந்திரம் இல்லாவிட்டாலும் ஈரத்தரை உண்டு. பழைய வைக்கோல் உண்டு. நேற்று எதை ஏற்றிச் சென்றதென்று தெரியாத சாக்கும் லாரியும் உண்டு.

இனி, அறுத்து விற்கும் கடைக்கு வருவோம். பலாவுக்குக் கடவுள் கொடுத்த கவசம் போன்ற தோல் வேறெந்தப் பழத்துக்கும் இல்லை. முழுப்பழமாய் இருக்கும்வரையில் அது தன்னைத் தானே காத்துக்கொள்ளும். கத்தி பட்ட கணத்தில் அந்தக் காவல் நீங்குகிறது. தோலின்மேல் இருந்த மண்ணையும் கிருமியையும் கத்தியே சுளை வரையில் இழுத்துச் செல்கிறது. பால் ஒட்டாமலிருக்கத் தடவிய எண்ணெய்க் கை, வியர்வை துடைத்த துண்டு, காலையிலிருந்து மாற்றாத வாளித் தண்ணீர் எல்லாம் சேர்ந்துகொள்கின்றன. எலுமிச்சை போன்ற புளிப்புப் பழங்களில் கிருமி எளிதில் பெருகாது. பலாச்சுளை, தர்ப்பூசணி, பப்பாளி முதலியவற்றிலோ புளிப்பு மிகக் குறைவு. இனிப்பும் ஈரமும் நிறைய. சித்திரை வெயிலின் சூடும் சேர்ந்தால் கிருமிக்கு அதைவிடச் சுகமான சத்திரம் ஏது? அனுகூலமான நிலையில் சிலவகைக் கிருமிகள் இருபது நிமிஷத்துக்கு ஒருமுறை இரட்டிக்கின்றன. காலை பத்து மணிக்கு ஒன்றாயிருந்தது மாலை நாலு மணிக்கு 2,62,144 ஆகும். பழத்தின்மேல் பாதி வேகந்தான் என்று வைத்துக்கொண்டாலும், ஆயிரம் கிருமி ஐந்து லட்சத்துக்கு மேல் ஆகிவிடும். அறுத்த பழத்தை 5 டிகிரிக்குக் கீழே வைக்கவேண்டும், முடியாவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் தின்றுவிடவேண்டும் என்று சுகாதார நிபுணர்கள் சொல்வது இதனால்தான். குளிர்ப்பெட்டியும் சர்வரோக நிவாரணி அல்ல. லிஸ்டீரியா அந்தக் குளிரிலும் மெதுவாக வளரும்.

பனிக்கட்டியைப் பற்றியும் ஒரு வார்த்தை. கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் போன்ற நமது கரையோர ஊர்களில் மீனுக்கென்று பனிக்கட்டி வேண்டியிருக்கிறது. மீனுக்கு வார்த்தது மீனோடு நிற்கவேண்டும். ஜூஸ் கடைக்கு வரலாகாது. குளிர் கிருமியைத் தூங்கவைக்கும், கொல்லாது. மற்றொன்று: அச்சடித்த தாளில் சுளையை மடித்துக் கொடுக்கும் பழக்கம். மையும் கூடாது, பல கை மாறிய தாளின் அழுக்கும் கூடாது. பத்திரிகையை எவ்வளவு வேண்டுமானாலும் படியுங்கள். அதில் பழம் மடிக்காதீர்கள் என்று நாமே நேயர்களைக் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. வாழையிலைக்கு நம் ஜில்லாவில் பஞ்சமில்லை. கழுவிய இலையில் கொடுக்கலாம்.

சென்ற பருவத்தில் ஆலங்குடிக்குக் கிழக்கே செல்லும் சாலையோரத்தில் சுளை விற்றுக்கொண்டிருந்த ஓர் அம்மாளிடம், "ஏம்மா, இந்த வாளித் தண்ணியை மாத்தக் கூடாதா?" என்று கேட்டோம். அவள் கோபிக்கவில்லை. "குழாய் அந்தா அந்தக் கோயிலுக்கு அங்கிட்டு இருக்குய்யா. கடையை விட்டுட்டு நான் எப்படிப் போறது? மாடு வந்து வாயை வச்சிரும்" என்றாள். இந்தப் பதிலுக்கு நம்மிடம் மறுமொழி இல்லை. அவள் அசுத்தத்தை விரும்புகிறவள் அல்லள். சாலையில் போகும் கார்களில் இருப்பவர்கள் மூக்கைச் சுளிக்கும் அந்த வாளியை நிரப்ப, அவள் காலையில் ஒருமுறை இரண்டு பர்லாங்கு நடந்திருக்கிறாள்.

சட்டம் இங்கே என்ன செய்கிறது? 2006-ம் வருஷத்து உணவுப் பாதுகாப்பு மற்றும் தரச் சட்டத்தின் கீழ் அந்த அம்மாளும் ஓர் உணவு வியாபாரிதான். அவள் பெயரைப் பதிவு செய்துகொள்ள வேண்டும். குடிக்கத்தக்க நீர் வைத்திருக்கவேண்டும். தவறினால் தண்டனைக்கு உள்ளாவாள். தோட்டத்துக்கோ அச்சட்டம் செல்லாது. விவசாயிக்கும், விவசாய வேலைகளுக்கும், பண்ணை அளவில் உள்ள விளைபொருளுக்கும் சட்டம் பொருந்தாது என்று 18-வது பிரிவே சொல்கிறது. ஏழைக் குடியானவனை இன்ஸ்பெக்டர்களின் கைக்கு ஒப்படைக்காமல் விட்டது நல்லதே என்று நாமும் கருதுகிறோம். ஆனால் விதி இல்லாத இடத்தில் உதவியாவது இருக்கவேண்டுமல்லவா? தோட்டத்தில் தொடங்கும் குற்றத்துக்குச் சாலையோரத்தில் அபராதம் விதிப்பது எந்த நியாயம்? பழம் பத்துக் கை மாறி வருகிறது. பத்தாவது கைதான் பிடிபடுகிறது, அதுவும் எல்லாக் கைகளிலும் ஏழையான கை.

தண்ணீரைப் பற்றிப் பேசும்போது புதுக்கோட்டை ஜில்லாவில் வேறொரு பெயரைச் சொல்லாமல் இருக்க முடியாது. 2022-ம் வருஷம் டிசம்பர் மாதக் கடைசியில், வேங்கைவயலில் ஆதிதிராவிட மக்கள் குடிக்கும் நீர்த்தேக்கத் தொட்டியில் மனித மலம் கலந்திருந்தது வெளியாயிற்று. குழந்தைகள் நோயுற்று வைத்தியரிடம் போன பிறகே, தண்ணீரைப் பார்க்கவேண்டும் என்று தோன்றியது. யார் செய்தது என்ற வழக்கு விவகாரத்துக்குள் நாம் இங்கே புகவில்லை. நாடே தலைகுனிந்தது. ஆனால் அன்று கொதித்த உள்ளங்கள் ஒன்றை எண்ணிப் பார்க்கவேண்டும். ஒரு தொட்டியில் ஒருநாள் நடந்தது கொடுமை. ஒரு துளி நீருமின்றி, ஒரு மறைவிடமுமின்றி, வயலில் நாள்முழுதும் வேலை வாங்குவதன் பலனாய் அதே அசுத்தம் சிறுகச் சிறுகப் பழத்தின்மேல் ஏறுவது அன்றாடம் நடப்பது. இதற்குக் குற்றப்பத்திரிகை தாக்கலாவதில்லை.

வீட்டில் செய்யவேண்டியது சொற்பமே. முழுப்பழத்தையும், தோல் உரிப்பதாயிருந்தாலும், ஓடும் நீரில் கையால் தேய்த்துக் கழுவிய பிறகே கத்தி வைக்கவேண்டும். கைக்குச் சவுக்காரம் வேண்டும். பழத்துக்குச் சவுக்காரம் கூடாது. மீனும் இறைச்சியும் அறுத்த அரிவாள்மனையில் துலக்காமல் பழம் நறுக்கக்கூடாது. அடிபட்டு வெடித்த பழத்தைக் குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் முதியவருக்கும் கொடுக்கக்கூடாது. தாய்மார்களுக்கு இவை தெரியாதவையல்ல.

கிராம வேலையில் ஈடுபட்டிருக்கும் ஊழியர்களுக்கு இப்பொழுது செய்யத்தக்கதாய் ஒரு காரியம் இருக்கிறது. மார்ச்சு 22-ந் தேதி தண்ணீர் தினத்தன்றும், மே 1-ந் தேதியும் கிராம சபைகள் கூடும் வழக்கம் இருக்கிறது. இரண்டும் பலாப் பருவத்தை ஒட்டியே வருகின்றன. தத்தம் ஊர்ச் சபையில் எழுந்து, பழம் ஏற்றும் இடத்திலும் சுளை விற்கும் சாலையோரத்திலும் ஒரு குடிநீர்க் குழாய், வேலையாட்களுக்கு ஒரு கக்கூசு, தோட்டக் கிணறுகளின் நீரைப் பருவத்துக்கு ஒருமுறை சோதித்து முடிவைப் பஞ்சாயத்துப் பலகையில் எழுதுவது என்ற மூன்றையும் தீர்மானமாகக் கொண்டுவரலாம். பயிற்சி வேண்டுமானால் வம்பனிலுள்ள வேளாண் அறிவியல் நிலையம் தொலைவில் இல்லை. தீர்மானப் புத்தகத்தில் எழுதி, கையெழுத்து வாங்கி, நகல் ஒன்றையும் கையோடு கேட்டுப் பெற்றுக்கொள்ளுங்கள். அடுத்த சபை ஆகஸ்டு 15-ந் தேதி கூடும்போது குழாய் வந்ததா என்று கேட்க அந்த நகல் வேண்டியிருக்கும்.